வாயில்லா உயிரின் பிரிவுத்துயரும் இல்லறத்தான் கடனும்

இல்லறத்தார் மேற்கொள்ளும் அணுவிரதங்கள் ஐந்தனுள் கொல்லாமையே முதலாவது. அவ்விரதத்தை மாசுபடுத்தும் அதிசாரங்கள் ஐந்து என்று உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் வகுத்துள்ளார். கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், தாங்க முடியாத பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் கொடாது தடுத்தல் என்பன அவை. சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும் சொல் சிறிது வேறுபட இவ்வைந்தையே கூறும். இவற்றுள் ஒன்றேனும் கொலை அன்று என்பதை அன்பர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். எவ்வுயிரையும் கொன்றதில்லை என்று மனநிறைவு கொள்ளும் இல்லறத்தானை அழைத்து, உன் தொழுவத்தில் நிற்கும் உயிரின் நிலை என்ன என்று வினவுவதுபோல் இப்பகுதி அமைந்துள்ளது.

அக்காலத்துத் தொழுவத்தில் எருதும் பசுவும் நின்றன. இன்று நகரத்தில் வாழும் நம்மவர் இல்லங்களில் தொழுவம் இல்லை. ஆனால் பல வீடுகளில் நாய் இருக்கிறது. அதன்மேல் நாம் பாரம் ஏற்றுவதில்லை, அடிப்பதில்லை, வேளை தவறாது சோறு வைக்கிறோம். ஆகவே அதிசாரம் ஏதும் நம்மிடம் இல்லை என்று எண்ணிக் கதவைப் பூட்டிக்கொண்டு புறப்படுகிறோம். பூட்டிய கதவுக்குப் பின்னே நிகழ்வது நமக்குத் தெரிவதில்லை. நமக்கும் நெடுநாள் தெரியாமலே இருந்தது.

நம் இல்லத்து நாயின் பெயர் மணி. 2020 ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, அடைத்துக் கிடந்த ஒரு தேநீர்க் கடையின் பலகைக்கு அடியிலிருந்து எடுத்து வந்த குட்டி அது. இனம் ஒன்றும் சொல்வதற்கில்லை, தெருநாய்தான். அப்போது வீட்டில் அனைவரும் இருந்தோம். அலுவலகமும் கல்லூரியும் வீட்டுக்குள்ளேயே நடந்தன. எனவே அக்குட்டி பிறந்த சில மாதங்களிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு, மனிதர் எவரும் அருகில் இல்லாத ஒரு நாழிகையைக்கூட அறியாது வளர்ந்தது. பிறகு ஒவ்வொருவராக வெளியே செல்லத் தொடங்கினோம். எனினும் எவரேனும் ஒருவர் வீட்டில் இருந்தனர். 2022 ஆம் ஆண்டு தசலட்சண பர்வத்தின்போதுதான், பத்து நாளும் காலையில் குடும்பத்தோடு ஜினாலயம் சென்று பூசையிலும் சொற்பொழிவிலும் கலந்துகொள்வது என்று தீர்மானித்தோம்.

மூன்றாம் நாள், ஆர்ஜவம் என்னும் நேர்மைக்குணத்தைப் பற்றிய விளக்கத்தைக் கேட்டுவிட்டு வீடு திரும்பியபோது, மேல்மாடியில் குடியிருக்கும் அம்மையார் படியில் நின்றிருந்தார். "கோவிச்சுக்காதீங்க. நீங்க கிளம்பின கொஞ்ச நேரத்துல ஊளை ஆரம்பிக்குது. நீங்க வர்ற வரைக்கும் நிக்கறதே இல்ல. மூணு நாளா இதேதான்" என்றார். கதவைத் திறந்தோம். கதவின் அடிப்பகுதியில் மரம் சிராய் சிராயாகப் பிறாண்டப்பட்டிருந்தது. முன்னங்கால் நகம் ஒன்று பிளந்து, குருதி தரையில் தேய்ந்திருந்தது. வாயிற்படி அருகே எச்சில் குளம்போல் நின்றது. காலையில் வைத்த தயிர்ச்சோறு தொடப்படாமல் எறும்பு மொய்த்துக் கிடந்தது. மணியோ நம் கால்களைச் சுற்றிச் சுற்றி வந்து, நிற்க மாட்டாமல் நடுங்கிற்று.

மறுநாள் பழைய கைப்பேசி ஒன்றை அலமாரியில் சாய்த்து, படம் பதிவாகும்படி வைத்துச் சென்றோம். முதல் சில நிமிடங்கள் அது கதவையே நோக்கி நின்றது. பிறகு மூச்சிரைத்தது. பிறகு நடை, கதவுக்கும் சன்னலுக்கும், சன்னலுக்கும் கதவுக்கும். பிறகு ஊளை. அதற்குமேல் பார்க்க நம்மால் இயலவில்லை. கால்நடை மருத்துவரிடம் அப்பதிவைக் காட்டினோம். அவர் முதலில் சிறுநீர்த் தொற்று, வலி முதலிய உடற்குறைகள் இல்லை என்று சோதித்து அறிந்துகொண்டார். பின்னர், இது குறும்பும் அன்று, பழிவாங்கலும் அன்று, பிரிவால் எழும் அச்சம் என்றார். ஆள் புறப்பட்ட முதல் அரைமணிக்குள்ளேயே இவ்வச்சம் பெரும்பாலும் தலைதூக்கும் என்றும், அந்நிலையில் நாய் தனக்கு மிகப் பிடித்த உணவைக்கூடத் தொடாது என்றும் விளக்கினார்.

இத்துயருக்கு நம் ஆகமத்தில் பெயர் உண்டு. தியானம் நான்கு வகை; அவற்றுள் ஆர்த்த தியானம் துன்பத்தில் தோய்ந்த சிந்தனை. அது மீண்டும் நால்வகைப்படும். வெறுக்கும் பொருள் வந்து சேர்வதால் எழுவது ஒன்று. விரும்பும் பொருள் பிரிவதால் எழுவது ஒன்று. நோய்வலியால் எழுவது ஒன்று. வருங்கால இன்பத்தை அவாவுவதால் எழுவது ஒன்று. இரண்டாவதற்கு இஷ்ட வியோகம் என்று பெயர். விரும்பியதைப் பிரிந்தபின் அது மீண்டும் எப்போது வரும் என்று ஒன்றையே பற்றி உள்ளம் சுழல்வது இதன் இலக்கணம். அலமாரியிலிருந்து எடுத்த அந்தப் பதிவில் நாம் கண்டது அதுவே. நாய் ஐம்பொறிகளும் மனமும் உடைய உயிர். ஐந்து இந்திரியம், மனம், சொல், உடல் என்னும் மூன்று வலிமை, மூச்சு, ஆயுள் ஆகிய பத்துப் பிராணன்களும் நமக்கு இருப்பதுபோலவே அதற்கும் உள்ளன. மனவலிமையும் பிராணனே என்றால், மனத்தை நைந்துபோகச் செய்வதும் பிராணனுக்குச் செய்யும் ஊறே. விலங்குகதியில் உள்ள உயிரும் நற்காட்சி பெற்று, ஐந்தாம் குணஸ்தானமாகிய இல்லறத்தான் படிவரை ஏறக்கூடும் என்று கூறும் சமயம் நம்முடையது. அத்தகைய தகுதி உடைய ஓர் உயிரை நாள்தோறும் ஆர்த்த தியானத்தில் தள்ளிவிட்டு, நாம் தருமதியானம் செய்யப் போயிருக்கிறோம்.

அவ்வாண்டு எஞ்சிய நாட்களில், காலைப் பூசைக்கு இருவரும் மாலைச் சொற்பொழிவுக்கு இருவருமாக முறை வைத்துச் சென்றோம். இதனைக் கேள்வியுற்ற பெரியவர் ஒருவர், ஆலய முற்றத்தில் நம்மை நிறுத்திக் கேட்டார். அவர் நம் தந்தையார் காலத்தவர். சிராவகாசார நூல்களைக் கற்றவர். "நாய் வளக்கறதே சிராவகனுக்குப் பொருந்தாது தம்பி. சதுஷ்பதமும் பரிக்கிரகத்துல சேர்ந்ததுதானே? பற்ற வீட்டுல வச்சுகிட்டு, அந்தப் பற்றுக்காகக் கோயிலயும் விட்டா, ஒண்ணுக்கு ரெண்டு பிழை ஆகுது. அது அழுதா அது அதோட வினை" என்றார்.

அவர் கூற்றை எளிதில் தள்ளிவிட இயலாது. புறப்பற்றுப் பத்தனுள் நாற்கால் உயிர்களும் எண்ணப்பட்டிருப்பது உண்மை. பூனை முதலிய ஊனுண்ணும் உயிர்களை வளர்த்தலைப் பயனில் தீச்செயலாகிய அனர்த்த தண்டத்துள் சேர்த்து விலக்கும் நூல்களும் உள. (நாய் சோற்றாலும் வாழும் என்பது வேறு செய்தி, ஓநாயைவிட நாய்க்கு மாப்பொருளைச் செரிக்கும் ஆற்றல் மிகுதி என்பதை 2013 இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் மரபணு வாயிலாகவே காட்டியுள்ளனர்.) ஆகவே நாய் ஒன்றை விலைகொடுத்து வாங்கவேண்டும் என்று எண்ணும் இளைஞர்களுக்கு நாமும் அப்பெரியவர் சொன்னதையே சொல்வோம்: வேண்டா. ஆயின் கொள்ளாமை வேறு. கொண்டபின் கைவிடுதல் வேறு. பின்னதைத் துறவு என்று கூற எந்நூலும் இடம் தரவில்லை. துறவு மேற்கொள்ளப் புகும் ஒருவன் தன் சுற்றத்தாரிடம் விடைபெற்றே செல்லவேண்டும் என்று குந்தகுந்த ஆசாரியரின் பிரவசனசாரம் விதிக்கிறது. மனைவி மக்களைத் துறப்பதற்கே விடைபெறல் வேண்டும் எனின், நம்மையே அண்டிய ஊமை உயிரை முன்னறிவிப்பின்றி விட்டுச் செல்வதை என்னென்பது?

அதன் வினை அதற்கு என்பதும் முழு விடை ஆகாது. வினையின் பயனைத் துய்ப்பது அவ்வுயிரே, ஐயமில்லை. ஆனால் அப்பயன் விளைவதற்குக் கருவியாக நிற்பவன் எந்த எண்ணத்தோடு நின்றான் என்பதே அவனுடைய கணக்கு. பிரமாதம் என்னும் அசட்டையோடு கூடிய செயலால் பிராணனுக்கு ஊறு செய்வதே இம்சை என்று உமாசுவாமி ஆசாரியர் இலக்கணம் வகுத்தார். அறியாமல் பூட்டிய முதல் மூன்று நாள் ஒருவகை. மேல்மாடி அம்மையார் சொன்ன பிறகும் பூட்டியிருந்தால் அது வேறுவகை.

நாயின் செவியில் அறம் சென்ற கதையை நம்மவர் அறியாதவர் அல்லர். சீவக சிந்தாமணியில், குணமாலையார் இலம்பகத்தில், அடிபட்டு உயிர் பிரியும் நிலையில் கிடந்த நாயைச் சீவகன் காண்கிறான். அரச மரபினன், நீர்விளையாட்டு நாளின் கொண்டாட்டத்திடையே செல்பவன், எனினும் நின்று, அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகிறான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, பின்னர்ச் சீவகனுக்கு உற்றுழி உதவுகிறது. இக்கதையைச் சொல்லும்போது நாம் மந்திரத்தின் பெருமையையே எடுத்துரைப்பது வழக்கம். அப்பெருமை இருக்கவே இருக்கிறது. ஆயினும் திருத்தக்கதேவர் காட்டும் இன்னொன்றையும் காணவேண்டும். சாகும் தறுவாயில் அந்நாய் தனித்து விடப்படவில்லை. அருகே ஒருவன் இருந்தான்.

நாய் தனித்திருக்கும் நிலையே புதிது என்று நமக்குத் தோன்றுகிறது. ஊரில் நம் பாட்டனார் வீட்டில் நாய் வளர்த்தார்கள் என்று சொல்வதுகூடச் சரியன்று. தெருவில் நாய் இருந்தது, நம் வீட்டிலும் சோறு உண்டது, அவ்வளவே. அதற்குத் திண்ணை உண்டு, களம் உண்டு, வேறு நாய்கள் உண்டு. வீட்டார் ஆரணிக்கோ வந்தவாசிக்கோ சென்றாலும் எதிர்வீட்டுப் பாட்டி இருப்பாள். அது எவர்க்கும் உரியதன்று. ஆகவே எவரும் பிரிந்ததாக அது கருத வேண்டியதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பிலோ நான்கு சுவரும் ஒரு குடும்பமுமே அதன் உலகம். அந்த உலகம் காலை ஒன்பது மணிக்கு மொத்தமாக மறைந்துவிடுகிறது.

1832 இல் பம்பாயில் தெருநாய்களைக் கொல்ல அரசு முற்பட்டபோது, பார்சி மக்கள் முன்னின்று எதிர்த்தனர். பிற சமயத்தாரும் நம் சமணரும் உடன் நின்றனர். அதன் விளைவாகவே 1834 இல் ஜாம்செட்ஜி ஜீஜீபாய் என்னும் பார்சி வள்ளலும் மோதிசந்த் அமீசந்த் என்னும் சமண வணிகரும் சேர்ந்து அந்நகரில் பிஞ்சராப்போல் என்னும் உயிர்காப்பகத்தை நிறுவினர். நாயின் உயிரைக் காத்தல் நம்மவர்க்குப் புதிதன்று. காத்த உயிர் பூட்டிய அறையில் என்ன எண்ணுகிறது என்பதே நம் தலைமுறைக்கு வந்து சேர்ந்த வினா. அரசின் சட்டமும் இதனை ஓரளவு தொட்டிருக்கிறது. 1960 ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11 ஆம் பிரிவு, நியாயமற்ற குறுகிய சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைத்தலையும், வழக்கமாகச் சங்கிலியிலோ அடைப்பிலோ வைத்திருக்கும் நாயை நடக்கவிடாது புறக்கணித்தலையும் குற்றமாகக் கூறுகிறது. ஆசாரியர்கள் முதலில் வைத்த கட்டுதல் என்னும் அதிசாரத்தை நாடாளுமன்றமும் எழுதி வைத்ததைக் கண்டு நாம் வியந்தோம்.

இனி, செய்ய வேண்டுவது யாது? மாலையில் வந்துவிடுவேன், அஞ்சாதே என்று நாயிடம் கூற இயலாது என்பதே இதில் உள்ள பெருந்தடை. குழந்தைக்குச் சொல்லலாம்; நோயாளிக்குச் சொல்லலாம். விடைபெறுதல் என்பதே சொல்லால் நடப்பது. சொல் செல்லாத இடத்தில் விடைபெறுவது எங்ஙனம்? மருத்துவர் காட்டிய வழி எளியது. பொறுமையை மட்டும் பெரிதும் வேண்டுவது. சென்று, அஞ்சுமுன் மீளவேண்டும். மீண்டும் சென்று, மீண்டும் அஞ்சுமுன் மீளவேண்டும். போனவர் வருவர் என்பதை நூறு முறை, இருநூறு முறை செய்து காட்டினால் அதுவே அதற்குச் சொல் ஆகும்.

நாம் சாமாயிகம் செய்யும் அறையிலிருந்தே தொடங்கினோம். சாமாயிகம் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம். அதற்கு முன்பெல்லாம் மணி நம் அருகிலேயே, தொடையில் தலை வைத்துக் கிடக்கும்; அதில் நமக்கு ஒரு பெருமையும் இருந்தது. இப்போது அதனை வெளியே விட்டுக் கதவைச் சாத்தி, உள்ளத்துள் ஒருமுறை பஞ்ச நமஸ்காரம் ஓதியதும் திறந்தோம். அது நின்ற இடத்திலேயே நின்றது. ஆரவாரம் செய்யாமல் கடந்து சென்றோம். அடுத்த நாள் மும்முறை. ஒரு கிழமை சென்றபின் காயோற்சர்க்கத்திற்கு உரிய ஒன்பது முறை. இருபத்தேழு மூச்சுக் காலம். அன்று அது முனகிற்று. ஆகவே மறுநாள் மீண்டும் மும்முறைக்கே இறங்கினோம். இவ்வாறு ஏறியும் இறங்கியும், ஜெபமாலை ஒருமுறை சுற்றி வரும் 108 மந்திரத்தை எட்ட இரண்டு மாதம் ஆயிற்று. ஒவ்வொரு நாளும் சிறிது கூட்டிக்கொண்டே போவதும் தவறு. சிலநாள் நெடிது, சிலநாள் குறுகியது என்று மாற்றவேண்டும். இன்றேல் இன்று நேற்றைவிடக் கடினம் என்று அது கணக்கிட்டுக் கொள்ளும்.

சாவிக்கொத்தின் ஒலி, செருப்பு, தோள்பை, வெளியே செல்லும்போது உடுத்தும் வேட்டி — இவை அதற்குப் பிரிவின் முன்னறிகுறிகள். அறிகுறி கண்டபோதே அச்சம் தொடங்கிவிடுகிறது. எனவே சாவியை எடுத்துக்கொண்டு நாளிதழ் படிக்க அமர்ந்தோம். பூசைத்தட்டைக் கையில் ஏந்திச் சமையலறைக்குச் சென்று வந்தோம். அக்கம்பக்கத்தார் பார்த்திருந்தால் நகைத்திருப்பர். சில கிழமைகளில் சாவி ஒலித்தாலும் காது மட்டும் அசைந்தது. புறப்படும் முன் நெடிய நடை ஒன்று அழைத்துச் செல்வதும், குடைவுள்ள ரப்பர்ப் பந்தினுள் வேகவைத்த பரங்கிக்காயும் தயிர்ச்சோறும் திணித்துக் கொடுப்பதும் துணைசெய்தன. (பலர் கேரட் கொடுக்கச் சொல்வர், நம் வீட்டில் கிழங்கு வகை புகாது. மணிக்குப் பரங்கியில் குறை ஒன்றும் இல்லை.) பந்தை அது நக்குகிறதா, தொடாது விடுகிறதா என்பதே அன்றைய மனநிலையை அறிவிக்கும் அளவுகோல் ஆயிற்று.

இப்பயிற்சிக் காலத்தில், அது பொறுக்கும் அளவுக்குமேல் ஒருநாளும் தனியே விடக்கூடாது என்பதே கடினமான பகுதி. ஒருநாள் பெரிதாக அஞ்சினால் ஒருமாதப் பழக்கம் கரைந்துவிடும். இதற்காகத் திருமணங்கள் இரண்டுக்கு நாம் பிரிந்து சென்றோம். மேல்மாடி அம்மையாரே பின்னர் நமக்கு உற்ற துணை ஆனார். முறையிட வந்தவர், மாலையில் ஒருமணி நேரம் தம் பின்னற்கூடையோடு நம் கூடத்தில் வந்து அமர்ந்தார். கூண்டில் அடைக்கலாமே என்று சிலர் கூறினர். அச்சத்தில் உள்ள நாயைக் கூண்டில் அடைத்தால் கம்பியில் பல்லை உடைத்துக்கொள்வதும் உண்டு என்று மருத்துவர் தடுத்தார். துணைக்கு இன்னொரு நாய் என்றார் வேறொருவர். அது ஏங்குவது நாய்க்கு அன்று, மனிதர்க்கு. பரிக்கிரகம் இரட்டிப்பாவதே மிச்சம்.

நாம் செய்த பிழைகளையும் மறைப்பது முறையன்று. முதல் நாள் பிளந்த கதவைக் கண்டதும் நம்முள் ஒருவர் அதனை உரத்து வைதோம். அது காதை மடக்கி, கண்ணைத் திருப்பி, உடலைக் குறுக்கிற்று. தன் தவற்றை உணர்ந்துவிட்டது பாருங்கள் என்றும் சொல்லிக்கொண்டோம். அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்டிரா ஹோரோவிட்ஸ் 2009 இல் வெளியிட்ட ஆய்வைப் பின்னர் அறிந்தோம். அக்குற்ற முகம், நாய் தவறு செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்து வருவதன்று. உடையவர் வைகிறாரா என்பதைப் பொறுத்தே வருகிறது. தவறு செய்யாத நாயும் வையப்பட்டால் அம்முகத்தையே காட்டுகிறது. நாம் கண்டது குற்ற உணர்வு அன்று, அச்சத்தின்மேல் இன்னோர் அச்சம். அஞ்சும் உயிரை அஞ்சியதற்காகத் தண்டித்தோம். அடித்தல் என்னும் இரண்டாம் அதிசாரம் கையால் மட்டும் நிகழ்வதன்று.

இரண்டாம் பிழை இதனினும் நுண்ணியது. வீடு திரும்பும்போதெல்லாம் மணி துள்ளிக் குதித்து, ஓலமிட்டு, நம் முகத்தை நக்கும். விருந்தினர்முன் அதைக் காட்டி, நாம் இல்லாவிடில் இது ஒரு வாய் சோறு உண்ணாது என்று சொல்லி மகிழ்வோம். பர்வத்தின் இரண்டாம் நாள் மார்தவம், அதாவது செருக்கின்மை பற்றிக் கேட்டவர்கள் நாம். நாம் இன்றி ஓர் உயிர் வாழாது என்பதில் எவ்வளவு இனிமை மறைந்திருந்தது! அதன் துயரே நமக்குப் பாராட்டாக இருந்தது. மானம் என்னும் கஷாயம் அரசவையிலும் செல்வத்திலும்தான் இருக்கும் என்றில்லை. வாயிற்படியில் துள்ளும் நாயிடமும் நாம் அதைப் பெற்றுக்கொண்டிருந்தோம்.

இவ்விடத்தில் பெரியவரின் வினா வேறுவடிவில் மீள்கிறது. பற்றே துயருக்கு வேர் எனின், அதன் அன்பையே வெட்டிவிடுதல் அன்றோ மருந்து? விலக்கி வைத்தால், முகம் கொடாதிருந்தால், தானே பழகிவிடாதா? இது நடவாது என்பதோடு, தீங்கும் ஆகும். 1998 இல் அங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் நகர ஆய்வாளர்கள், குழந்தை தாயிடம் கொள்ளும் பிணைப்பை அளக்கப் பயன்படும் முறையையே நாய்களிடம் கையாண்டு, நாய் தன் உடையவரிடம் கொள்வதும் அவ்வகைப் பிணைப்பே என்று காட்டினர். 2015 இல் யப்பானிய ஆய்வாளர்கள், நாயும் உடையவரும் ஒருவரையொருவர் நோக்கும்போது இருவர் உடலிலும் ஆக்சிடோசின் என்னும் சுரப்பு மிகுவதைக் கண்டனர். தாயை நம்பும் குழந்தையே தாயை விட்டுத் தொலைவில் சென்று விளையாடும். நம்பிக்கை குறைந்த குழந்தை சேலைத் தலைப்பை விடாது. நாய்க்கும் அவ்வாறே. அன்பைக் குறைத்தால் அச்சம் குறையாது, கூடும். நாம் குறைக்க வேண்டியது நிச்சயமின்மையை. நம் பிறவிக் கட்டை நாமே அறுக்க முயல்கிறோம். அதனை அறிந்து முயல்கிறோம், ஆகமம் துணைநிற்கிறது. நாயின் கட்டை நாம் வலிந்து அறுக்க இயலாது. நாம் இட்ட முடிச்சைத் தளர்த்த இயலும்.

மருந்தைப் பற்றியும் ஒரு சொல். குளோமிப்ரமின், ஃபுளுவாக்சிட்டின் முதலிய மருந்துகளைக் கால்நடை மருத்துவர்கள் இதற்குத் தருவதுண்டு. மருந்து தனித்துப் பயன்தராது; பயிற்சியோடு சேர்ந்தே பயன்தரும். மணிக்கு ஐந்து மாதம் கொடுத்துப் பின்னர்ச் சிறிது சிறிதாக நிறுத்தினோம். மனத்துயருக்கு மாத்திரையா என்று நம் வீட்டிலேயே ஒருவர் தயங்கினார். நோய்வலியும் ஆர்த்த தியானத்திற்குக் காரணம் என்று சொன்ன ஆசாரியர்கள், மருந்து கொடுத்தலை ஔஷத தானம் என்று நால்வகைத் தானத்துள் வைத்திருக்கிறார்கள். அபய தானமும் அந்நான்கனுள் ஒன்று. இங்கே இரண்டும் ஒரே மாத்திரையில் அடங்கிற்று என்று அவருக்கு விடை கூறினோம். வீட்டில் எஞ்சிய மனித மருந்தைத் தாமே அளந்து கொடுப்பது மட்டும் ஒருகாலும் கூடாது. வயது முதிர்ந்த நாய்க்குத் திடீரென இத்துயர் தோன்றினால் பார்வைக் குறைவோ, மூளைத் தளர்ச்சியோ, உள்வலியோ காரணமாகலாம். முதலில் அதனை ஆராய வேண்டும்.

இப்போது மணி மூன்று மணி நேரம் வரை தனித்திருக்கிறது. பதிவில் பார்க்கிறோம், பந்தை நக்கி முடித்துவிட்டு, கதவருகே ஒரு சுற்றுச் சுற்றி, நம் சாமாயிகப் பாயின்மேல் சென்று படுத்துவிடுகிறது. இடி முழக்கம் உள்ள நாளில் இது செல்லாது. ஐப்பசி மழையில் ஒருமாதம் பின்னடைவு நேர்ந்தது. மீண்டும் ஒரு மந்திரத்திலிருந்து தொடங்கினோம். சென்ற பர்வத்தில் நால்வரும் ஒன்றாகப் பூசைக்குச் சென்றோம். சொற்பொழிவு முடியுமுன் ஒருவர் எழுந்து வந்துவிட்டார். முற்றத்தில் அப்பெரியவர் கண்டு, "இன்னிக்கு எவ்வளவு நேரம் இருந்துது?" என்று கேட்டார். இரண்டரை மணி என்றோம். ஒன்றும் சொல்லாமல் தலையசைத்தார். பிரசாதத்தில் ஒரு பங்கைத் தனியே இலையில் மடித்து நம் கையில் கொடுத்தார்.

மேல்சித்தாமூர் சென்று வர ஒரு முழுநாள் வேண்டும். அவ்வளவு நேரத்தை மணி இன்னும் எட்டவில்லை. ஆதலால் இம்முறை மூவர் செல்கின்றனர். வீட்டில் இருப்பது இவ்வாண்டு நம் முறை.